முள்ளில்லாத வெள்ளை மீன் துண்டு: உடையாமல், தண்ணீர் விடாமல் சமைக்க வழி சொல்லுங்கள்

குழித்துறைக்காரி

வணக்கம். மாமியாருக்குப் பல்செட் வைத்த பிறகு முள்ளுள்ள மீனைத் தொடவே பயப்படுகிறார். சின்னவனுக்கு நான்கு வயது. அதனால் மார்த்தாண்டத்தில் உறைந்த பாசா (வளர்ப்பு நன்னீர் மீன்) ஃபில்லட், அதாவது முள் நீக்கிய சதைத் துண்டு, பாக்கெட் வாங்குகிறோம். நல்ல கொடுவா வந்தால் சந்தையிலேயே முள் எடுத்து வாங்குவதும் உண்டு.

சாளைக்கும் அயிலைக்கும் செய்வது போலவே மிளகாய்ப்பொடி, மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி ஒரு மணி நேரம் ஊற வைத்துப் பொரிக்கிறேன். கல்லில் போட்டதும் தண்ணீர் விட்டு நிற்கிறது. மசாலா கல்லோடு போய்விடுகிறது, திருப்பும்போது துண்டு பிளக்கிறது. புளிக்கறியில் போட்டால் கரண்டியில் மீனே அகப்படுவதில்லை, தூளாகிக் குழம்போடு கலந்துவிடுகிறது. இந்த மாதிரி வெள்ளை மீனுக்குத் தனி முறை இருக்கிறதா? வீட்டில் ஓவன் இல்லை. கேஸ் அடுப்பு, இரும்பு தோசைக்கல், மண்சட்டி, இவ்வளவுதான்.

முட்டத்துக் கடலோடி

தங்கச்சி, வட்டத் துண்டாக வெட்டிய மீனை நடுமுள்ளும் தோலும் பிடித்து வைத்திருக்கும். கொதித்தாலும் புரட்டினாலும் துண்டு உடையாமல் நிற்பது அதனால்தான். ஃபில்லட்டில் முள் போய்விட்டது, பாக்கெட்டில் வருவது என்றால் தோலும் போய்விட்டது. வெறும் சதை. அதைச் சாளை மாதிரி கையாள முடியாது.

என் யோசனை, பாக்கெட்டை விட்டுவிட்டு முழு மீன் வாங்குங்கள். கொடுவா, கலவா, விளமீன், சீலா எதுவானாலும் சதை வெள்ளை, ருசி மென்மை, கெட்டித்தன்மையும் உண்டு. செதிலைச் சுரண்டி, தோலை அப்படியே விட்டு, முள்ளை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சந்தையில் உட்காரும் அக்காமாருக்கு அது ஒரு வேலையே இல்லை. முழு மீன் என்றால் கண்ணையும் செவுளையும் பார்த்து வாங்கலாம். ஃபில்லட்டில் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

தலையையும் நடுமுள்ளையும் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். கொஞ்சம் உள்ளியும் (சின்ன வெங்காயம்) நல்லமிளகும் (மிளகு) தட்டிப் போட்டு இருபது நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டினால், கறிக்கு வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அதற்கு மேல் ரொம்ப நேரம் கொதித்தால் ருசி கெடும்.

குழித்துறைக்காரி

நல்ல யோசனைதான் அண்ணா. ஆனால் ஜூன், ஜூலையில் என்ன செய்வது? விசைப்படகு போகாத மாதங்களில் கொடுவா விலையைக் கேட்கவே முடிவதில்லை. அப்போது பாக்கெட்தான்.

முட்டத்துக் கடலோடி

அதுவும் சரிதான். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி அதே ஜூலை 31 வரை. கிழக்குக் கரைத் தடை ஜூன் 14-ல் முடிவதால் அதன்பிறகு சின்னமுட்டம், தூத்துக்குடிப் பக்கத்து மீன் வரும், கொஞ்சம் காத்திருந்து பாருங்கள். வள்ளத்துக்கு, அதாவது நாட்டுப்படகுக்கு, தடை இல்லை. ஆனாலும் ஆனி ஆடிக் கடல் அவர்களையும் பல நாள் கரையில் உட்கார வைத்துவிடும்.

பாறசாலை அடுக்களை

குழித்துறைக்காரி, நீங்கள் சொன்ன எல்லாத் தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். மசாலா வேக நேரம் வேண்டும். இந்த மீன் வேக நேரமே வேண்டாம். இரண்டையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றினால், மீனுக்குப் பதம் பார்த்து இறக்கும்போது மசாலா பச்சை வாசனை அடிக்கும். மசாலாவுக்குப் பதம் பார்த்தால் மீன் போய்விடும். சாளையும் அயிலையும் எண்ணெய்ப் பசையுள்ள மீன்கள். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் அந்தக் கொழுப்பு காப்பாற்றிவிடும். பாசாவுக்கும் கொடுவாவுக்கும் கலவாவுக்கும் அவ்வளவு தாங்குசக்தி கிடையாது. ஆகவே மசாலாவைத் தனியாக முழுதாக வேக வைத்துவிட்டு, மீனைக் கடைசியில் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொரியலோ கறியோ, எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

மீன் சதை புத்தகத் தாள் மாதிரி ஏடு ஏடாக இருக்கும். அந்த ஏடுகளை ஒட்ட வைத்திருப்பது மெல்லிய சவ்வு. ஆட்டுக்கறியில் இந்தச் சவ்வு இளக நெடுநேரம் வேக வேண்டும். மீனில் 50, 55 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். உணவுப் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் மீனுக்குச் சொல்லும் உள்சூடு 63 டிகிரி. தளதளவென்று கொதிக்கிற குழம்பு 100 டிகிரி. அந்தக் குழம்பில் பத்துப் பதினைந்து நிமிடம் கிடந்து, கரண்டியும் பட்டால் ஏடுகள் தனித்தனியாகப் பிரியாமல் என்ன செய்யும்? சதை சுருங்கி உள்ளே இருந்த நீரையும் வெளியே தள்ளிவிடும். துண்டின் மேல் வெள்ளையாகத் தயிர்த்திப்பி போலக் கசிந்து நிற்குமே, அதிகச் சூடு பட்டதற்கு அது அடையாளம். அழுக்கு இல்லை, பயப்பட வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். உறைந்த பாக்கெட்டை முந்தின நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெந்நீரில் போட்டு அவசரமாக இளக்கினால் வெளிப்பக்கம் குழைந்து உள்பக்கம் கல்லாகவே இருக்கும். காற்றை உறிஞ்சி ஒட்டிய பாக்கெட் என்றால் ஓரத்தைக் கிழித்துவிட்டு இளக வையுங்கள். காற்றில்லாத இடத்தில் மட்டும் வளரும் நச்சுக் கிருமி ஒன்று உண்டு, அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. துண்டுகளை ஒரு வடிதட்டில் வைத்து இளக்கினால் மேலே பூசிய ஐஸ் உருகிக் கீழே இறங்கிவிடும். அந்தத் தண்ணீரிலேயே மீன் ஊறிக் கிடக்கக் கூடாது.

அப்புறம் உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு. நன்றாகக் கரைத்து, துண்டுகளைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் மூழ்க வையுங்கள். மேல்சதை கொஞ்சம் இறுகும், உப்பு சமமாகப் பிடிக்கும், வேகும்போது அந்த வெள்ளைக் கசிவும் குறையும். மெல்லிய துண்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இதன் பிறகு மசாலாவில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியில் பரப்பி, மேலேயும் ஒரு துணி போட்டு ஒற்றி எடுங்கள். இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் பொரியலின் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. ஈரம் இருக்கிற வரை கல்லின் சூடு முழுவதும் அந்த ஈரத்தை ஆவியாக்கவே போகும், மீன் சிவக்காது. நேரம் இருந்தால் துடைத்த பிறகு மூடாமல் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இன்னும் உலரும்.

இவ்வளவு செய்தும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் பாலிபாஸ்பேட் என்றோ ஐஎன்எஸ் (உணவுச் சேர்க்கைப் பொருள் எண்) 451 அல்லது 452 என்றோ இருந்தால், மீன் தண்ணீரைப் பிடித்துவைக்க அந்த உப்பைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அனுமதிக்கப்பட்ட பொருள்தான். ஆனால் அந்த மீன் கல்லில் சிவக்காது. அதைக் கறிக்கு வைத்துக்கொண்டு, பொரிக்க வேறு வாங்குங்கள்.

எலுமிச்சைச் சாறு சேர்த்து ஒரு மணி நேரம் ஊற வைப்பதை அடியோடு நிறுத்துங்கள். புளிப்பு பட்டால் இந்த மீனின் மேல்சதை அடுப்பு ஏறும் முன்பே வெளுத்து, வெந்தது போல ஆகிவிடும். பிறகு சூடும் பட்டால் மாவு மாவாக உதிரும். சாறு பிழிவது தட்டில் வைத்த பிறகு போதும்.

பொரிக்கும்போது காஷ்மீரி மிளகாய்ப்பொடி, மஞ்சள், நல்லமிளகுப்பொடி, இரண்டு கரண்டி அரிசி மாவு, எல்லாவற்றையும் உலர்ந்தபடியே கலந்து, கல்லில் போடும் நேரத்தில் துண்டை அதில் புரட்டி உதறுங்கள். இஞ்சி பூண்டு அரைத்த விழுது இதில் வேண்டாம், அதுதான் முதலில் கருகுவது. கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய், எண்ணெய் காய்ந்த பிறகு மீன். செக்குத் தேங்காய் எண்ணெய் சீக்கிரம் புகையும், அதனால் நடுத்தரத் தீயே சரி. போட்டதும் பத்து விநாடி தோசைத் திருப்பியால் லேசாக அமுக்கிப் பிடியுங்கள், துண்டு சுருளாது. அதன்பிறகு தொடாதீர்கள். சிவந்து மொறுமொறுப்பு ஏறினால் மீன் தானாகவே கல்லை விட்டு விலகும். தோசைத் திருப்பி அடியில் நுழையவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை.

முக்கால் பங்கு வேக்காடு முதல் பக்கத்திலேயே ஆகிவிட வேண்டும். விரல் பருமன் துண்டுக்கு முதல் பக்கம் மூன்று நிமிடம், திருப்பினால் ஒன்று, ஒன்றரை. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணாடி போலிருந்த சதை கீழிருந்து மேலே வெளுத்துக்கொண்டு வருவது தெரியும். நடுவில் ஒரு கோடு மட்டும் மிச்சமிருக்கும்போது திருப்புங்கள். ஒருமுறைதான் திருப்ப வேண்டும். ஈர்க்குச்சியால் நடுவில் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும், அவ்வளவுதான் பதம். தோலோடு வாங்கிய கொடுவா என்றால் தோல் பக்கம் முதலில்.

கொழிஞ்சாம்பாறை வாசி

பாறசாலை அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. எங்கள் பக்கம் கடல் தூரம். மலம்புழை, ஆளியாறு அணை மீன்தான் அதிகம்: ஜிலேபி (திலாப்பியா), ரோகு, கட்லா. ஜிலேபியை ஃபில்லட் போட்டால் சதை பாசாவைவிடக் கெட்டி, பொரிக்க நன்றாக நிற்கும். எங்களுக்கு இருக்கிற சிக்கல் மண் வாசனை. பாசாவிலும் சில சமயம் அதே வாசனை வருகிறது. எலுமிச்சையை நிறுத்தச் சொல்கிறீர்கள், அப்படியானால் வாசனையை என்ன செய்வது?

இன்னொன்று. வாளையார் எல்லைச் சோதனைச்சாவடி வழியாக வரும் ஐஸ் மீன் மேல் இங்கே நம்பிக்கை குறைவு. 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ஆபரேஷன் சாகர் ராணி என்று சோதனை நடத்தி, வாளையாரிலும் ஆரியங்காவிலும் ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீனைப் பிடித்ததை யாரும் மறக்கவில்லை. அதனால்தான் பலர் அணை மீனுக்கும் பாக்கெட் ஃபில்லட்டுக்கும் மாறினார்கள்.

தக்கலை வாத்தியார்

மண் வாசனைக்கு நான் சொல்கிறேன். குளத்திலும் அணையிலும் உள்ள சில நீலப்பச்சைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. புதுமழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையும் இதேதான். நன்னீர் மீன் தண்ணீரிலிருந்து அதை உடம்பில் ஏற்றிக்கொள்கிறது. புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதையும். நம் ஆட்கள் ஆற்று மீனைப் புளித்தண்ணீரில் கழுவியதற்குக் காரணம் இருக்கிறது.

கடல் மீன் கவுச்சிக்குக் காரணம் வேறு, அது ட்ரைமெத்திலமின். மீன் பழசாகப் பழசாகக் கூடும். அதையும் புளிப்பு கட்டிப்போட்டு மூக்குக்கு எட்டாமல் செய்துவிடும். ஆனால் பழசான மீனைப் புளிப்பு புதிதாக்காது. வாசனை தூக்கினால் வாங்காமல் விட்டுவிடுவதே நல்லது.

பாறசாலை அக்கா சொன்னதோடு இது மோதவில்லை. புளித்தண்ணீர் அல்லது மோரில் இரண்டு மூன்று நிமிடம் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, அதன்பிறகு உப்புத் தண்ணீருக்குப் போகலாம். ஒரு மணி நேரம் ஊறுவதுதான் கெடுதல். ஃபில்லட்டின் தோல் பக்கத்தில் நடுவாக ஓடும் பழுப்புச் சதையைச் சீவி எடுத்துவிடுங்கள், வாசனை அதில்தான் தங்கும்.

ஃபார்மலின் விஷயத்தில், கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வீட்டில் பார்க்கத் தகுந்த சோதனைத் தாளை உருவாக்கியிருக்கிறது. மீன் மேல் தேய்த்து, மருந்துத் துளி விட்டு நிறம் பார்க்க வேண்டும். சந்தையில் மீனைச் சுற்றி ஈயே இல்லை, சதை ரப்பர் மாதிரி விறைத்து நிற்கிறது, மீன் வாசனையும் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

களியக்காவிளை கைப்பக்குவம்

எல்லாம் சரி, கறிக்கு வாருங்கள். குடம்புளி போட்டு, மண்சட்டியில் வற்ற வைத்து, மறுநாள் மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிடும் அந்தக் கறியை இந்த மீனில் வைக்க முடியாது என்றால் ஃபில்லட் எதற்கு என்பதே என் கேள்வி.

பாறசாலை அடுக்களை

அந்தக் கறி சாளைக்கும் சூரைக்கும் நெய்மீனுக்கும் உரியது. புளிப்பும் உறைப்பும் அந்த மீன்களின் கொழுப்போடு சேர்ந்தால்தான் நிறைவு. ருசி மென்மையான மீனை அதில் போட்டால் புளி மட்டும் நாக்கில் நிற்கும், மீன் இருந்த இடம் தெரியாது. மறுநாள் வைத்துச் சாப்பிடவும் இது தாங்காது, சூடு பண்ணும்போதே உடைந்துவிடும். அதற்காக இந்த மீனைத் தள்ளிவைக்க வேண்டாம், அதற்கேற்ற கறி நம் ஊரிலேயே இருக்கிறது. தேங்காய்ப்பால் மோலியும் வாழையிலைப் பொள்ளலும் இதற்காகவே பிறந்தவை என்பேன்.

மோலிக்கு அரை கிலோ ஃபில்லட்டைப் பெரிய துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீர் காட்டி, துடைத்து, மஞ்சளும் நல்லமிளகுப்பொடியும் தூவி வையுங்கள். ஒரு தேங்காயில் தலைப்பால் ஒரு கப், இரண்டாம் பால் இரண்டு கப். மண்சட்டி பரந்ததாக இருக்கட்டும், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. தேங்காய் எண்ணெயில் இஞ்சி, பூண்டு, கீறின பச்சைமிளகாய் ஐந்தாறு, கறிவேப்பிலை, நீளமாக அரிந்த சவாளா (பெரிய வெங்காயம்) ஒன்று போட்டு நிறம் மாறாமல் வதக்குங்கள். கொஞ்சம் மஞ்சள், உப்பு, இரண்டாம் பால். மீன் இல்லாமலே இது பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க வேண்டும். பச்சைமிளகாயும் இஞ்சியும் பாலில் இறங்கி, ஒரு கரண்டி எடுத்துக் குடித்தால் அதுவே ருசியாக இருக்க வேண்டும். அந்த ருசி வராமல் மீனைப் போடாதீர்கள்.

வந்துவிட்டதா, தீயை முழுதாகக் குறைத்து, துண்டுகளைப் பரப்பி வைத்து, தக்காளி வட்டமாக வெட்டி மேலே வைத்து மூடிவிடுங்கள். நான்கைந்து நிமிடம். கரண்டி சட்டிக்குள் போகவே கூடாது. இரண்டு துணி பிடித்து சட்டியையே சுழற்றிக் கொடுங்கள். தலைப்பாலை ஊற்றி, ஓரத்தில் ஆவி எழும்பியதும் அணைத்துவிடுங்கள், கொதித்தால் பால் திரியும். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மீனின் கடைசி வேக்காடு அதிலேயே ஆகிவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கின பிறகு. ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் இதற்கு மேல் ஒன்று வேண்டாம்.

வாழையிலையில் என்றால் உள்ளி, தக்காளி, இஞ்சி, பூண்டு, வத்தல்பொடி (மிளகாய்ப்பொடி) எல்லாம் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, ஒரு கரண்டி தலைப்பால் விட்டுக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். இலையைத் தீயில் வாட்டி, கொஞ்சம் மசாலா, மேலே மீன், அதன்மேல் மசாலா, மடித்து வாழைநாரால் கட்டி, தோசைக்கல்லில் மூடி போட்டுக் குறைந்த தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். கரிமீனுக்கு முதலில் பொரித்துவிட்டு மடிப்பார்கள். ஃபில்லட்டுக்கு அது வேண்டாம். இலைக்குள் ஆவியிலேயே வெந்துவிடும். உடைந்தாலும் இலைக்குள்தானே உடைகிறது!

களியக்காவிளை கைப்பக்குவம்

மோலி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புளிக்கறி ஆசையும் விடாது. குடம்புளி ஒன்றே ஒன்று ஊற வைத்து, தேங்காய் அரைத்த கறியை முழுதாகக் கொதிக்க வைத்து, புளியை எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து மீனைப் போட்டால் உங்கள் கணக்குக்குள் வருமா?

பாறசாலை அடுக்களை

வரும். குடம்புளிக்குப் பதில் பச்சை மாங்காய் இன்னும் நல்லது, இந்த மீனை அமுக்காது. மாங்காய் வெந்து குழைந்த பிறகு மீன். போட்ட ஐந்தாவது நிமிடம் அடுப்பு அணைந்திருக்க வேண்டும், அது மட்டும் மாறக் கூடாது.

குழித்துறைக்காரி

அக்கா, இன்று மோலி வைத்தேன். துண்டு உடையாமல் நின்றது, மாமியார் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இன்னும் ஒன்று மட்டும். காலையில் செய்து மதியம் சின்னவனுக்குக் கொடுக்க என்ன வழி? மறுபடி சூடாக்கினால் சக்கையாகிறது.

முட்டத்துக் கடலோடி

சூடாக்க வேண்டாத ஒன்றாகச் செய்யுங்கள். சுறாப்புட்டு தெரியும்தானே? அதே முறையில் இதையும் செய்யலாம். ஃபில்லட்டின் வால்பக்கத்து மெல்லிய துண்டுகளை இதற்கு ஒதுக்குங்கள், அவை பொரிக்கவும் கறிக்கும் உதவாது. மஞ்சள், உப்பு போட்டு ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, ஆறியதும் உதிர்த்து, துணியில் லேசாகப் பிழிந்துவிடுங்கள். உள்ளி பொடியாக அரிந்தது, இஞ்சி, கறிவேப்பிலை, குழந்தைக்கு என்றால் பச்சைமிளகாய் பாதி, எல்லாம் தேங்காய் எண்ணெயில் நன்றாக வதங்கிய பிறகு மீனைப் போட்டு ஈரம் போகக் கிளறி, தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள். சோற்றோடு பிசைந்து பிற்பகலுக்குள் கொடுத்துவிடுங்கள், வெயில் காலத்தில் நேரம் கடத்த வேண்டாம்.

உதிர்க்கும்போது விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே உதிர்க்க வேண்டும். கொடுவாவில் முள் எடுத்துவிட்டோம் என்று சந்தையில் சொன்னாலும், தலைப்பக்கத்தில் இருந்து பாதி நீளம் வரை நடுக்கோட்டில் சின்ன முள் வரிசை ஒன்று உள்ளே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. பச்சையாக இருக்கும்போதே தலைப்பக்கத்தில் இருந்து வால்பக்கமாக விரலை ஓட்டினால் குத்தும். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, நாடா மாதிரி மொத்தமாக எடுத்துவிடுங்கள். மாமியாருக்கும் சின்னவனுக்கும் கொடுக்கும்போது இதை மட்டும் கடைக்காரர் கையில் விடாதீர்கள்.